பணக்காரர்களை ஊடகங்கள் புகழ்ந்து காட்டுவதால்தான் மக்கள் ஏற்றத்தாழ்வைச் சகித்துக்கொள்கிறார்களா? இதை எப்படிச் சோதித்துப் பார்ப்பது?

ஆய்வேட்டுக்கோ வகுப்புத் திட்டத்துக்கோ கேட்கிறீர்கள் என்று எடுத்துக்கொண்டு பதில் சொல்கிறேன். தாக்கம் உண்டு. ஆனால் புகழ்ச்சியா வசையா என்று மட்டும் எண்ணத் தொடங்கினால் பாதி விஷயம் கைநழுவிவிடும். செல்வந்தரைத் தனி ஆளாகக் காட்டுகிறார்களா, ஒரு கூட்டத்தில் ஒருவராகக் காட்டுகிறார்களா என்பதைத்தான் முதலில் பார்க்க வேண்டும்.

ஜெஸ்ஸி வாக்கர், ஸ்டெஃபனி டெப்பர், தாமஸ் கிலோவிச் என்ற ஆய்வாளர்கள் மூவரும் 2021-ல் வெளியிட்ட சோதனைகள் இதைத்தான் காட்டின. உச்சியில் இருப்பவரை ஒரே மனிதராகச் சொன்னால், அந்தச் செல்வம் அவருக்குத் தகும் என்று எண்ணும் போக்கு கூடுகிறது. ஒரு குழுவாகச் சொன்னால் சகிப்பு குறைகிறது. ஒற்றை ஆளைப் பார்த்ததும் மனம் அவருடைய திறமையையும் உழைப்பையும் தேடிப் போகிறது. கூட்டத்தைப் பார்த்தால்தான் வரி, சட்டம், சந்தை என்று யோசிக்கிறது. வறுமைச் செய்திகளைப் பற்றி அரசியல் தொடர்பியல் ஆய்வாளர் ஷாண்டோ ஐயங்கர் 1991-ல் எழுதியதும் இதே வழிமுறைதான்: ஒரு ஏழையின் கதையைப் பார்த்தவர்கள் அவரையே பொறுப்பாக்கினார்கள், வறுமையைப் பொதுநிலையாகக் காட்டியபோது சமூகத்தையும் அரசையும் பொறுப்பாக்கினார்கள்.

அதனால்தான் மோசடிப் பணக்காரரைத் தோலுரிக்கும் கதையும், துணிச்சலான கதை என்று பேர் வாங்கினாலும், பல நேரம் இதே வேலையைச் செய்கிறது. அவர் கைதானதும் கதை முடிந்துவிடுகிறது. அவருக்கு வழிவிட்ட விதியைப் பற்றி ஒரு வரிகூட இருக்காது.

பொழுதுபோக்கை விட்டுவிடாதீர்கள். சாதாரண ஆள் ஒரே இரவில் உயரும் போட்டி நிகழ்ச்சிகள், உழைத்தால் யாரும் மேலே வரலாம் என்ற நம்பிக்கையைக் கூட்டுகின்றன என்று யூன்ஜி கிம் அமெரிக்காவில் சோதித்துக் காட்டியிருக்கிறார். 1997-ல் ஓக்வின், ஷ்ரம் இருவரும் செய்த ஆய்வில், டிவி அதிகம் பார்ப்பவர்கள் ஆடம்பரப் பொருள்கள் பல வீடுகளில் இருப்பதாகக் கூட்டி மதிப்பிட்டார்கள்.

‘எல்லாம் அமெரிக்க ஆய்வு’ என்று யாராவது கீழே எழுதுவார்கள். உண்மைதான். அந்த எண்களை வேறு நாட்டுக்குத் தூக்கிக்கொண்டு போகாதீர்கள். வழிமுறையை மட்டும் எடுத்துக்கொண்டு உங்கள் ஊடகத்தில் சோதியுங்கள்.

அதற்கு 40 செய்திகளாவது வேண்டும். ‘பணக்காரர்’ என்று மட்டும் தேடினால் பட்டியல் செய்திகள்தான் சிக்கும். தொழிலதிபர், நிறுவனர், வாரிசு, முதலீட்டாளர் என்றும் தேடுங்கள். ஃபோர்ப்ஸ் இதழின் உலகப் பணக்காரர் பட்டியல் வரும் வாரத்தில் மட்டும் சேகரித்தால் முடிவு கோணலாகிவிடும். ஓராண்டில் சிதறிய வாரங்களாக எடுங்கள். ஒவ்வொன்றிலும் நான்கைக் குறியுங்கள்: தனி ஆளா குழுவா, செல்வத்துக்குச் சொன்ன காரணம் (திறமை, பரம்பரை, ஏகபோகம், அரசுச் சலுகை, அதிர்ஷ்டம், எதுவும் சொல்லவில்லை), தொழிலாளர், கடன் கொடுத்தவர், அரசு என்று வேறு யாராவது வருகிறார்களா, தொகையை எதனோடாவது ஒப்பிட்டிருக்கிறார்களா. ‘எதுவும் சொல்லவில்லை’ என்ற கட்டத்தை மறந்துவிடாதீர்கள். காரணமே சொல்லாத செய்திகள் நிறைய வரும், அதுவே ஒரு கண்டுபிடிப்பு.

இரண்டு பேர் தனித்தனியாகக் குறிக்க வேண்டும். இங்கேதான் பலர் சறுக்குகிறார்கள். ‘80 சதவீதம் ஒத்துப்போனது’ என்று எழுதிவிட்டு நிம்மதியாகிவிடுகிறார்கள். ஒரு வகை நூற்றுக்குத் தொண்ணூறு செய்திகளில் வருமானால், இருவரும் அந்த விகிதத்தில் கண்ணை மூடிக்கொண்டு குறித்தாலே 82 சதவீதம் ஒத்துப்போகும் (0.9×0.9 + 0.1×0.1). ஆகவே தற்செயல் ஒற்றுமையைக் கழிக்கும் கோஹன் கப்பா அளவைக் கணக்கிடுங்கள். முழு ஒற்றுமை என்றால் அது 1, தற்செயல் அளவுதான் என்றால் 0. அது 0.7-க்குக் கீழே போனால் வரையறைகளைத் திருத்தி மறுபடி குறியுங்கள்.

சொத்து மதிப்பை வருமானம் என்று எழுதுவதையும் கவனியுங்கள். கையிலுள்ள பங்குகளின் எண்ணிக்கையை அன்றைய விலையால் பெருக்கி வருவதுதான் அந்தச் சொத்தின் பெரும்பகுதி. விலை ஏறிய நாளை ‘ஒரே நாளில் இவ்வளவு சம்பாதித்தார்’ என்கிறார்கள். பங்குவிலை ஏற்றத்தை உழைப்பின் கூலியாக வாசகர் புரிந்துகொள்கிறார். குறிக்கும் தாளில் இதற்கும் ஒரு கட்டம் போடுங்கள்.

செய்திகளை எண்ணினால் ஊடகம் என்ன காட்டுகிறது என்பது தெரியும். கருத்து மாறியதா என்பதற்குச் சோதனை வேண்டும். ஒரே செய்தி, ஒரே தொகை, ஒரே நீளம். தனி ஆள், குழு என்ற ஒரு வேறுபாடு மட்டும். யாருக்கு எது என்பதைக் குலுக்கிப் போடுங்கள். ஒவ்வொரு வடிவத்தையும் படிக்க 30 பேர் போதாது. இத்தகைய விளைவுகள் சிறியவை, 0.3 திட்ட விலக்க அளவு (மதிப்பெண்கள் சராசரியிலிருந்து பொதுவாகச் சிதறும் அளவில் 0.3 பங்கு) வேறுபாட்டைப் பிடிக்கவே, வழக்கமான புள்ளியியல் கணக்குப்படி ஒவ்வொரு வடிவத்துக்கும் சுமார் 175 பேர் தேவை. கருத்துக் கேள்விகளைச் செய்திக்கு முன்னால் கேட்டால் நோக்கம் வெளிப்பட்டுவிடும், பின்னால் கேளுங்கள்.

‘ஏற்றத்தாழ்வு கவலைக்குரியதா’ என்பதையும் ‘வரியைக் கூட்டலாமா’ என்பதையும் ஒரே மதிப்பெண்ணாகக் கூட்டிவிடாதீர்கள். பொருளாதார ஆய்வாளர் குசியெம்கோவும் குழுவினரும் 2015-ல் வெளியிட்ட ஆய்வில், ஏற்றத்தாழ்வுத் தகவலைப் படித்தவர்களிடம் கவலை நன்றாக உயர்ந்தது. கொள்கை விருப்பமோ, பரம்பரைச் சொத்து வரியைத் தவிர, அதிகம் அசையவில்லை. இரண்டையும் கலந்தால் இந்த இடைவெளி உங்கள் கண்ணில் படவே படாது.