செங்கோட்டை வீடு: சிமெண்ட் பூச்சு உதிர்வது பற்றி

தாத்தா காலத்துச் சுண்ணாம்புக் காரைச் சுவரில் சிமெண்ட் பூசி, எமல்ஷன் பெயிண்டும் அடித்த இரண்டே வருடத்தில் உப்புப் பூத்து உதிர்கிறது என்கிறீர்கள். மேலே வாட்டர்ப்ரூஃப் பெயிண்ட் அடிக்கச் சொல்லும் கொத்தனார் பேச்சைக் கேட்காதீர்கள். பழைய செங்கல் ஈரத்தை உறிஞ்சி, வெயிலில் வெளியே விடும். சிமெண்ட் அந்த வழியை அடைத்துவிடுகிறது. உங்கள் ஊர்ச் சாரலுக்குக் கேட்க வேண்டுமா!

சிமெண்டை உளியால் மெதுவாகக் கொத்தி எடுங்கள். டிரில்லிங் மெஷின் வைத்தால் செங்கல்லும் சேர்ந்து பெயரும். சுவர் நன்றாகக் காய்ந்தபின் சுண்ணாம்புச் சாந்து பூசுங்கள். புதுப் பொருள்தான் வேண்டுமென்றால் நேச்சுரல் ஹைட்ராலிக் லைம் என்ற சுண்ணாம்பு வகை இருக்கிறது, ஈரத்திலும் இறுகும். பூச்சு சட்டென்று காயாமல் ஈரச்சாக்கு போட்டு வையுங்கள். அப்புறம் வெள்ளையடித்தால் போதும், எமல்ஷன் வேண்டாம். சாரலுக்கு முன் வேலை முடிய, பிப்ரவரியில் ஆரம்பியுங்கள்.