முதலில் ஹீட் பிரஸ், பிரிண்டர் பிறகு

வாசகர் கேள்வி – பதில்: சிறுதொழில் பக்கம்

கேள்வி: அடுக்குமாடி வீட்டில் ஓர் அறையை ஒதுக்கி டி-சட்டை அச்சிடும் தொழில் தொடங்கப் பார்க்கிறேன். சேமிப்பு முழுவதையும் போட்டு டிடிஎஃப் பிரிண்டர் (படத்தை ஃபிலிமில் அச்சிட்டு, சூட்டால் துணிக்கு மாற்றும் முறைக்கானது) வாங்கலாமா?
– செந்தூல் வாசகி

பதில்: இப்போதைக்கு வேண்டாம், சகோதரி. 38-க்கு 38 செ.மீ. ஹீட் பிரஸ் (படத்தைச் சூடான தகட்டால் துணியில் அழுத்தும் கருவி) ஒன்றை வாங்குங்கள். அச்சிட்ட ஃபிலிமை வெளியே அச்சுக் கடையில் மீட்டர் கணக்கில் வாங்கிக்கொள்ளலாம். பிரிண்டரில் பாடுபடுத்துவது வெள்ளை மைதான். அதிலுள்ள டைட்டானியம் டை-ஆக்சைடு கனமான தூள். மை அசையாமல் கிடந்தால் அது அடியில் படிந்து, மை பீய்ச்சும் ஹெட்டின் துளைகளை அடைக்கும். ஆர்டர் இருக்கிறதோ இல்லையோ, தினமும் ஓட்டிப் பார்த்தாக வேண்டும். வாரத்துக்குப் பத்துச் சட்டை ஓடும் தொழிலில் அச்சுக்குப் போகும் மையைவிட ஹெட் கழுவப் போகும் மையே அதிகமாகிவிடும்.

ஃபிலிமை வீணாக்காமல் அடுக்கத் தெரிந்தால் லாபம் அங்கேயே இருக்கிறது. அச்சு விழும் அகலம் 58 செ.மீ. என்றால், 28 செ.மீ. அகலமும் 35 செ.மீ. உயரமும் உள்ள முன்பக்கப் படங்கள் ஒரு மீட்டரில் நான்கு அடங்கும். மிச்சத்தில் 9 செ.மீ. நெஞ்சு லோகோ பத்து வைக்கலாம். மீட்டர் 40 ரிங்கிட் என்று வைத்துக்கொண்டால் பெரிய படம் ஒன்றுக்கு 10 ரிங்கிட், லோகோக்கள் செலவில்லாமல் வந்துவிடும். ஐம்பது சட்டை ஆர்டருக்கு மூன்று படம் கூடுதலாக எடுத்துவையுங்கள். ஒன்றிரண்டு நிச்சயம் பாழாகும்.

அழுத்தும்போது சட்டையை முதலில் வெறுமனே ஐந்து விநாடி அழுத்த வேண்டும். நம் ஊர்க் காற்றில் பருத்தி எப்போதும் ஈரம் பிடித்திருக்கும். அந்த ஈரம் ஆவியாகி ஒட்டுப்பசையைத் தூக்கிவிடும். பிறகு ஃபிலிமை வைத்து 150 பாகை செல்சியஸில், நடுத்தர அழுத்தத்தில் 12 முதல் 15 விநாடி. ஆறவிட்டு உரிக்கும் ஃபிலிம் என்றால் கை வைத்தால் சூடு தெரியாமல் போகும்வரை பொறுங்கள். உரித்தபின் மேலே கேக் சுடப் பயன்படும் பேக்கிங் தாளைப் போட்டு இன்னொரு பத்து விநாடி. பலர் விட்டுவிடுவது இந்த இரண்டாவது அழுத்தலைத்தான்; துவைத்ததும் படம் வெடிப்பதற்குப் பெரும்பாலும் அதுவே காரணம். பிரஸ் காட்டும் எண்ணை அப்படியே நம்பாதீர்கள். தகட்டின் ஓரங்கள் நடுவைவிடக் குளிர்ந்திருக்கும். இன்ஃப்ராரெட் வெப்பமானியால் ஐந்து இடங்களில் அளந்து பாருங்கள்.

1,800 வாட் பிரஸ் ஏறக்குறைய 8 ஆம்பியர் இழுக்கும். அதே 13 ஆம்பியர் எக்ஸ்டென்ஷனில் இஸ்திரிப் பெட்டியையும் செருகினால் பிளக் சூடாகி உருகக்கூடும். சுவர் சாக்கெட்டில் தனியாகச் செருகுங்கள்.

கேள்வி: தைப்பூசத்துக்குக் காவடிக் குழுவினரின் சட்டையில் தமிழில் பெயர் அச்சிட்டோம். சில எழுத்துகளில் கொம்பு இடம் மாறிவிட்டது. சில புள்ளிகளையே காணோம். ஏன்?
– பட்டர்வொர்த் வாசகர்

பதில்: இவை இரண்டும் வேறு வேறு பிழைகள். கொம்பு இடம் மாறுவது மென்பொருளால். இல்லஸ்டிரேட்டர் என்ற வடிவமைப்பு மென்பொருளில் இந்திய மொழிகளுக்கான தெரிவை இயக்காமல் யூனிகோட் தமிழை ஒட்டினால் ‘கொ’, ‘கோ’ எல்லாம் பிரிந்து நிற்கும். பழைய எழுத்துருக்களில் அடித்திருந்தால், அந்த எழுத்துரு இல்லாத கணினியில் வெறும் ஆங்கிலக் குப்பைதான் தெரியும். ஆகவே தமிழ் படிக்கத் தெரிந்த ஒருவர் பார்த்துச் சரி சொன்னபின், எழுத்துகளைக் கோட்டுருவாக (எழுத்துரு தேவைப்படாத வெறும் வடிவமாக) மாற்றி அனுப்புங்கள். அச்சுக் கடைக்காரருக்குத் தமிழ் தெரியாவிட்டால் பிழை அவர் கண்ணில் படாது.

புள்ளி காணாமல் போவது அளவால். படத்தைத் துணியில் ஒட்டவைக்கும் ஒட்டுப்பொடி மையில்தான் பிடிக்கும். 1 மி.மீ.க்கும் குறைந்த புள்ளியில் போதிய பொடி நிற்காது. உரிக்கும்போது புள்ளி ஃபிலிமோடு வந்துவிடும். ‘வேல்’ ‘வேல’ ஆகிவிடும். சாமி பெயரில் அப்படி நேர்ந்தால் எந்தக் குழுதான் பொறுக்கும்? தடித்த எழுத்துருவை எடுத்து, புள்ளியை மட்டும் கையால் கொஞ்சம் பெரிதாக்குங்கள்.

கேள்வி: சிவப்பு மைக்ரோஃபைபர் ஜெர்சியில் போட்ட வெள்ளை எண்கள் இரண்டு நாளில் இளஞ்சிவப்பாகிவிட்டன. மை மட்டமா?
– பிரிக்ஃபீல்ட்ஸ் வாசகர்

பதில்: மையைக் குறை சொல்ல முடியாது. மைக்ரோஃபைபர் ஜெர்சி பாலியஸ்டர் துணி; அதன் சாயம் சூட்டில் ஆவியாகி மேலேறி வெள்ளையில் கலந்திருக்கிறது. சிவப்பிலும் மெரூனிலும் இது அதிகம். சூட்டை 130 பாகைக்குக் குறைத்து, சாயத்தைத் தடுக்கும் கறுப்புப் பொடி போட்ட ஃபிலிம் கேளுங்கள். ஒரு சட்டையில் அடித்து இரண்டு நாள் வைத்துப் பார்த்தபின் மற்றவற்றைத் தொடுங்கள்.

கேள்வி: பதிவு அவசியமா? காற்பந்துக் குழுச் சின்னம் கேட்டால் போட்டுக்கொடுக்கலாமா?
– ஜெலுத்தோங் வாசகி

பதில்: தொழில் தொடங்கிய 30 நாளுக்குள் எஸ்எஸ்எம்மில் (மலேசிய நிறுவனங்கள் ஆணையத்தில்) பதிய வேண்டும். சொந்தப் பெயரில் என்றால் ஆண்டுக்கு 30 ரிங்கிட், வணிகப் பெயரில் 60. நகராண்மை உரிமம் தனி. அனுமதியில்லாமல் குழுச் சின்னம் போட்டு விற்பது 2019ஆம் ஆண்டு வணிகச் சின்னச் சட்டத்தின்படி குற்றம். “வாடிக்கையாளர்தான் படம் கொடுத்தார்” என்பது உங்களைக் காப்பாற்றாது. அச்சிட்டது உங்கள் கை.