ஒன்றரை ஷிப்ட்டும் வரலாற்றுப் படிப்பும்

அண்ணா, போன வாரம் போனில் கேட்டீர்களே: “பி.காம். என்றால் புரிகிறது. வரலாற்றில் பி.ஏ. சேர்ந்து, எந்தச் சிந்தனை உலகத்தை எப்படி மாற்றியது என்று படிக்கணுமாம் பாப்பாவுக்கு. அதை வைத்து என்னங்க செய்வது?”

நீங்கள் திருப்பூரில் ஓவர்லாக் டெய்லர். காலை எட்டரைக்கு உட்கார்ந்து இரவு எட்டரைக்கு எழுந்தால் ஒன்றரை ஷிப்ட் என்று கணக்கு எழுதுகிறீர்கள். ஒரு ஷிப்ட் எட்டு மணி நேரம் என்று யார் வைத்தது? ஸ்காட்லாந்தின் நியூ லனார்க்கில் பஞ்சாலை நடத்திய ராபர்ட் ஓவன், 1817-இல் எட்டு மணி நேரம் வேலை, எட்டு மணி நேரம் பொழுதுபோக்கு, எட்டு மணி நேரம் ஓய்வு என்றார். சொன்னவர் முதலாளி, கவனியுங்கள்! 1919-இல் சர்வதேச தொழிலாளர் அமைப்பின் முதல் உடன்படிக்கையே அதுதான். நம் 1948 தொழிற்சாலைகள் சட்டம் வாரத்துக்கு 48 மணி நேரம், அதற்கு மேல் இரட்டைச் சம்பளம் என்று வைத்தது. அந்த அரை ஷிப்ட்டுக்கு உங்களுக்கு இரட்டை வருகிறதா என்பது வேறு கதை. பாப்பா படிக்க நினைப்பது இதைத்தான். பக்கத்து ஈரோட்டிலிருந்து 1925-இல் கிளம்பிய ‘குடி அரசு’ பத்திரிகை, 1931-லேயே கம்யூனிஸ்ட் அறிக்கையைத் தமிழில் போட்டது. அதுவும் இந்தப் பாடம்தான்.

சரி, வேலை. பி.ஏ. மட்டும் முடித்தால் முதல் சம்பளம் உங்கள் கூலியைவிடக் குறைவாகவே இருக்கும், மறைக்க மாட்டேன். அதற்கு மேல் ஒன்று வேண்டும். எம்.ஏ., பி.எட். முடித்தால் மேல்நிலைப் பள்ளி ஆசிரியர் தேர்வு எழுதலாம். யு.பி.எஸ்.சி. மெயின் தேர்வில் வரலாறு விருப்பப் பாடம் 500 மதிப்பெண். ஆனால் அதை மட்டும் நம்பி வீட்டில் உட்கார விடாதீர்கள்.

என் கணக்கு சட்டம். பட்டத்துக்குப் பிறகு மூன்று வருடம், கோவையிலேயே அரசு சட்டக் கல்லூரி இருக்கிறது. தொழிலாளர் சட்டம் தெரிந்தவர்களுக்கு எக்ஸ்போர்ட் கம்பெனிகளில், விதிகள் சரியாக நடக்கிறதா என்று பார்க்கும் கம்ப்ளையன்ஸ் பிரிவிலும் இடமுண்டு. துணி வாங்கும் பையர் சார்பில் சோதிக்க ஆடிட் வரும் நாளில் உங்கள் கம்பெனி படும் பாட்டைத்தான் பார்த்திருப்பீர்களே!

கல்லூரி பார்க்கப் போனால் கட்டடத்தைப் பார்க்காதீர்கள், நூலகத்தைப் பாருங்கள். ஆங்கிலத்தில் படித்து, தானாக நாலு பக்கம் எழுதப் பழகாவிட்டால் இந்தப் படிப்பு மனப்பாடமாகிவிடும்.

ஞாயிற்றுக்கிழமை பாப்பாவையும் கூட்டிவாருங்கள். உங்கள் ஒன்றரை ஷிப்ட்டைப் பற்றி உங்களிடமே கேட்டு ஒரு பக்கம் எழுதி வரட்டும். அதைப் படித்துவிட்டு எந்தக் கல்லூரி என்று பேசலாம்.