குருவை மறுத்த மாணவர்

கேள்வி: தன் குருவையே மறுத்து எழுதிய ஒரு போலந்து தொல்லியலாளரைச் சென்ற இதழில் ஒரே வரியில் சொல்லி நிறுத்திவிட்டீர்கள். யார் அவர்? எதை மறுத்தார்?

பதில்: யூசெஃப் கொஸ்ட்ஷெஃப்ஸ்கி. 1885இல் அவர் பிறந்தபோது போலந்து என்றொரு நாடே வரைபடத்தில் இல்லை. அவர் பிறந்த மண்ணை ஜெர்மன் அரசான பிரஷ்யா ஆண்டுகொண்டிருந்தது. வரலாற்றுக்கு முந்தைய காலத்தைப் பற்றிப் படிக்க பெர்லினுக்குப் போனார். அங்கே அவருக்கு வாய்த்த ஆசிரியர் குஸ்தாஃப் கோசின்னா.

ஒரே மாதிரிப் பானை ஓடுகள் கிடைக்கும் இடமெல்லாம் ஒரே இனம் வாழ்ந்த மண் என்பது கோசின்னாவின் கோட்பாடு. முதல் உலகப் போர் முடிந்து எல்லைகளைப் புதிதாக வரைந்துகொண்டிருந்த 1919இல், போலந்தின் விஸ்துலா நதிப்பகுதி தொன்றுதொட்டு ஜெர்மானியர் நிலம் என்று புத்தகமே போட்டார் அவர். மாணவரோ லுசாத்தியப் பண்பாட்டு (வெண்கலக் காலத்திலும் இரும்புக் காலத் தொடக்கத்திலும் அந்தப் பகுதியில் இருந்த பண்பாடு) பானைகளைக் காட்டி, இவற்றை வனைந்தவர்கள் ஸ்லாவியரின், அதாவது போலந்துக்காரர்கள் உள்ளிட்ட இனத்தாரின், முன்னோர் என்று வாதாடினார். அதே ஆண்டில் போஸ்னான் பல்கலைக்கழகத்தைத் தொடங்கியவர்களில் ஒருவராகவும் ஆனார்.

1933இல் வாலென்டி ஷ்வைட்செர் என்ற பள்ளி ஆசிரியர், போலந்தில் உள்ள பிஸ்குபின் ஏரியில் நீர்மட்டம் இறங்கியபோது கரையோரம் மரத்துண்டுகள் துருத்திக்கொண்டு நிற்பதைப் பார்த்துவிட்டார். தகவல் கொஸ்ட்ஷெஃப்ஸ்கிக்குப் போனது. அடுத்த ஆண்டே தன் மாணவர் ரயெஃப்ஸ்கியுடன் அகழாய்வில் இறங்கினார். சேற்றுக்குள் லுசாத்தியப் பண்பாட்டு ஊரே ஒன்று இருந்தது! நூற்றுக்கும் மேற்பட்ட வீடுகள், 13 வரிசைகளாக. கட்டைகளை அடுக்கிப் பாவிய தெருக்கள். சுற்றிலும் மரத்தாலும் மண்ணாலும் எழுப்பிய அரண். பலூனைப் பறக்கவிட்டு மேலிருந்து படம் பிடித்தார்கள். அந்தக் காலத்துக்கு அது பெரிய காரியம்.

1939இல் ஜெர்மன் படை நுழைந்தது. எஸ்.எஸ். என்ற நாஜி அமைப்பின் ஆட்கள் பிஸ்குபினுக்கு 'உர்ஷ்டெட்' என்று பெயர் மாற்றி, தாங்களே தோண்டத் தொடங்கினார்கள். கொஸ்ட்ஷெஃப்ஸ்கி வேறு பெயர்களில் தலைமறைவாக வாழ்ந்து உயிர் தப்பினார். பானை ஓடுகளைப் பற்றி எழுதிய ஒருவர் ஒளிந்து வாழ நேர்ந்ததை நினைத்தால் இன்றும் மனம் பதறுகிறது.

அவர் மீது எனக்குள்ள மதிப்பு பெரிது. ஆனாலும் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். குருவின் விடையைத்தான் அவர் மறுத்தார். பானையை வைத்து இனத்தைச் சொல்லிவிடலாம் என்ற குருவின் வழியை விடவில்லை. லுசாத்திய மக்கள் ஸ்லாவியர்தாம் என்ற அவர் முடிவை ஆய்வாளர்கள் இன்று ஏற்பதில்லை. அவர் தோண்டி, அளந்து, படமெடுத்து வைத்தவை அப்படியே நிற்கின்றன.

1969இல் அவர் மறைந்தார். பிற்பாடுதான் பிஸ்குபின் ஓக் கட்டைகளின் வளையங்களை எண்ணிக் காலம் கணித்தார்கள். பாதிக்கு மேற்பட்டவை கி.மு. 738–737 குளிர்காலத்தில் வெட்டப்பட்டவையாம். அந்த ஒற்றைக் குளிர்காலத்தைத் தெரிந்துகொள்ள அவருக்குக் கொடுத்துவைக்கவில்லையே என்பதுதான் என் ஆதங்கம்.