தண்டவாளப் பராமரிப்பு இயந்திரங்களின் அருகே பாதுகாப்பு: கேள்வி பதில்

இந்திய ரயில்வேயின் பாதை இயந்திரப் பிரிவில் பணியாற்றி ஓய்வுபெற்ற பொறியாளர் ஒருவர், களப்பணியாளர்களின் கேள்விகளுக்குப் பதிலளிக்கிறார்.

புதிதாகச் சேர்ந்த டிராக்மேன்: ஐயா, பிளாக் (வேலைக்காகப் பாதையில் வண்டிகளை நிறுத்திவைக்கும் அனுமதி) கிடைத்த பிறகுதான் ஜல்லியை இறுக்கும் டேம்பிங் மெஷின் வேலையைத் தொடங்குகிறது. வண்டி வராத பாதையில், வண்டி வருகிறதா என்று பார்த்து எச்சரிக்கும் லுக்அவுட் ஆள் எதற்கு?

பிளாக் என்பது மெஷின் நிற்கும் பாதைக்கு மட்டுமே உரியது, தம்பி. இரட்டைப் பாதையில் பக்கத்து லைனில் வண்டிகள் வழக்கம்போல ஓடிக்கொண்டிருக்கும். டேம்பிங் டூல்கள் நொடிக்குச் சுமார் 35 முறை அதிர்ந்து ஜல்லியை ஸ்லீப்பருக்கு அடியில் இறுக்கும்போது எழும் இரைச்சலில், அந்த வண்டியின் ஹாரன் காதில் விழும் என்று நம்பவே கூடாது. மணிக்கு 110 கிலோமீட்டர் வேகத்தில் வரும் வண்டி 1200 மீட்டரை நாற்பது நொடிக்குள் கடந்துவிடும். வளைவில் 300 மீட்டர் வரைதான் பார்வை எட்டுகிறது என்றால், உங்கள் கையில் இருப்பது பத்து நொடிகூட இல்லை. மெஷினையே கவனித்தபடி பின்வாங்கி, தம்மை அறியாமல் பக்கத்து லைனில் கால் வைப்பவருக்குத்தான் பேராபத்து. ஆகவே லுக்அவுட் பார்ப்பவர் கையில் கடப்பாரையைக் கொடுத்து வேறு வேலை வாங்குவதை நான் ஒருபோதும் ஏற்கமாட்டேன். விசில் கேட்டவுடன் பாதையின் வெளிப்புறம் ஒதுங்குங்கள். இரு பாதைகளுக்கும் நடுவே நிற்காதீர்கள்.

மெஷின் உதவியாளர்: டூல்களுக்கு இடையே கல் சிக்கினால், மெஷின் நின்றிருக்கும்போது கையால் எடுத்துவிடலாமா?

கூடாது. மெஷின் அசையாமல் நிற்பதாலேயே அது பாதுகாப்பாக இருக்கிறது என்று ஆகிவிடாது. இன்ஜினை அணைத்த பிறகும் ஹைட்ராலிக் அமைப்பில் அழுத்தம் தங்கியிருக்கும். எடைமிகுந்த டேம்பிங் யூனிட் எதிர்பாராமல் கீழே இறங்கக்கூடும். ஆபரேட்டரிடம் நேரில் சொல்லி, இன்ஜினை நிறுத்தி, அழுத்தத்தை வெளியேற்றி, லாக் பின் மாட்டப்பட்டிருப்பதை உங்கள் கண்ணாலேயே பார்த்த பிறகுதான் குனிய வேண்டும்.

டெக்னீஷியன்: மின்மயமான பாதையில் மெஷினின் மேல் ஏறிப் பழுது பார்க்கலாமா?

மேலே செல்வது 25,000 வோல்ட் கம்பி. தொட்டால்தான் ஆபத்து என்பதில்லை, நெருங்கினாலே மின்சாரம் பாயும். 2 மீட்டர் இடைவெளி கட்டாயம். பவர் பிளாக் (கம்பியில் மின்சாரத்தை நிறுத்திவைக்கும் அனுமதி) வாங்கி, கம்பியை எர்த் செய்த பிறகே ஏற வேண்டும்.

கீமேன்: கோடையில் நண்பகல் வேலையை ஏன் நிறுத்துகிறார்கள்?

நீளமாக வெல்டு செய்த தண்டவாளம் வெயிலில் விரிய முயலும். அதைப் பிடித்து வைத்திருப்பது இறுகிய ஜல்லிதான். டேம்பிங் செய்யும்போது அந்தப் பிடி தளர்கிறது. எனவே அழுத்தமற்ற நிலைக்கு (தண்டவாளம் விரியவோ சுருங்கவோ முயலாத நிலை) என்று குறித்த வெப்பநிலையைவிடத் தண்டவாளம் 10 டிகிரிக்கு மேல் சூடேறினால் வேலை செய்யக்கூடாது. மீறினால் தண்டவாளம் பக்கவாட்டில் நெளியும். அந்த இடத்திலேயே நிற்பவர்கள் நீங்கள்.

மேற்பார்வையாளர்: பிளாக் முடியப் பத்து நிமிடம் இருக்கையில் கட்டுப்பாட்டு அறையிலிருந்து அவசரப்படுத்துகிறார்களே?

அந்தப் பத்து நிமிடத்தில்தான் பதற்றம் அதிகம். ஆட்களையும் கருவிகளையும் எண்ணிச் சரிபாருங்கள். டேம்பிங் யூனிட்டுகள் மேலே ஏற்றி லாக் செய்யப்பட்டனவா என்று பாருங்கள். மெஷின் நகர்வதற்கு முன் ஹூட்டர் ஒலிக்கட்டும். தாமதத்துக்கு விளக்கம் எழுதிக் கொடுக்க நேர்ந்தால் எழுதிக் கொடுங்கள். கடைசி ஆள் பாதையை விட்டு வெளியேறும்வரை லுக்அவுட்டை அழைத்துக்கொள்ளாதீர்கள்.