வீட்டில் பொடி வகை தயாரித்து விற்கப் போகிறேன். சமூக ஊடக விளம்பரத்தை எங்கிருந்து தொடங்குவது?

பணம் கட்டும் விளம்பரத்திலிருந்து தொடங்காதீர்கள். தொழிலுக்கென்று தனி சிம் வாங்கி வாட்ஸ்அப் பிசினஸ் போடுங்கள். அதிலுள்ள கேட்டலாக்கில், அதாவது பொருள் பட்டியலில், ஒவ்வொரு பொடிக்கும் படம், எடை, விலை மூன்றும் இருக்கட்டும். "விலைக்கு இன்பாக்ஸ் வரவும்" என்றால் பலர் கேட்காமலே நகர்ந்துவிடுவார்கள். லேபிளில் உணவுப் பாதுகாப்பு ஆணையமான எஃப்எஸ்எஸ்ஏஐ தரும் 14 இலக்க எண் கட்டாயம். அது படத்திலும் தெரியட்டும்.

நிறையப் பேர் சறுக்குவது, ஒரே செய்தியைப் பலருக்குத் தனித்தனியாக அனுப்பும் வாட்ஸ்அப் பிராட்காஸ்ட் பட்டியலில். ஒரு பட்டியலில் 256 பேர் வரை சேர்க்கலாம். ஆனால் உங்கள் எண்ணைத் தங்கள் போனில் சேமித்தவர்களுக்கு மட்டுமே செய்தி போய்ச் சேரும். ஆகவே ஒவ்வொரு பார்சலிலும் "இந்த எண்ணைச் சேமித்துக்கொள்ளுங்கள்" என்று ஒரு சீட்டு வையுங்கள். கேட்காதவர்களுக்கு அனுப்பினால் புகார் போகும், எண்ணே முடங்கலாம்.

இன்ஸ்டாகிராமுக்கு வாரம் மூன்று ரீல்ஸ் போதும். மிளகாய் வறுபடுவதையும் பொடி அரைபடுவதையும் செங்குத்தாக எடுங்கள். பின்தொடர்பவர்களைக் காசுக்கு வாங்க வேண்டாம். அவர்கள் ஒரு பாக்கெட்கூட வாங்க மாட்டார்கள்.

முப்பது ஆர்டராவது வந்த பிறகு, வாட்ஸ்அப்புக்கு அழைத்துவரும் விளம்பரத்தை நீங்கள் டெலிவரி செய்யும் ஊர்களுக்கு மட்டும் போடுங்கள். தினம் 200 ரூபாய், ஐந்து நாள். 18% ஜிஎஸ்டி சேர்த்து 1,180. அதில் 8 ஆர்டர் வந்தால் ஓர் ஆர்டருக்கு 147.50 செலவு. ஒரு பாக்கெட்டில் லாபம் 60 ரூபாய்தான் என்றால் கைநஷ்டம். மூன்று பொடி சேர்ந்த காம்போவை விளம்பரப்படுத்தினால் ஓர் ஆர்டருக்கு 180 லாபம் கிடைக்கும், கணக்கு தேறும்.