திரைச்சீலை மாற்றிய வேலையா அது?

கேள்வி: வெள்ளை மாளிகையின் கிழக்குப் பகுதியை டிரம்ப் இடித்ததும் ஆளாளுக்குக் குதித்தீர்கள். அறுபது வருஷத்துக்கு முன்னால் ஜாக்குலின் கென்னடியும் அதே மாளிகையைத் தன் இஷ்டத்துக்கு மாற்றினாரே? கணவர் நாட்டை ஆண்டார், மனைவி வீட்டை அலங்கரித்தார். திரைச்சீலை மாற்றிய வேலைக்குப் போய் 'பெண்கள் முன்னின்று மீட்ட மாளிகை' என்று போன இதழில் தலைப்பு போட்டது கொஞ்சம் அதிகம்.
– ஒரு வாசகர், தஞ்சாவூர்

பதில்: தலைப்பில் தப்பில்லை. உங்கள் கேள்வியில் உள்ள 'அலங்கரித்தார்' என்ற சொல்லில்தான் தப்பு. ஜாக்குலினுக்கே அந்தச் சொல் ஆகாது. 1961 செப்டம்பரில் 'லைஃப்' பத்திரிகையிடம் அவர் சொன்னதன் சாரம் இது: அந்த மாளிகையில் இருக்கிற ஒவ்வொரு பொருளும் அங்கே இருக்க ஒரு காரணம் வேண்டும், அதை வெறுமனே அலங்கரிப்பது பாவம், அதை மீட்டெடுக்க வேண்டும், அது படிப்பும் ஆராய்ச்சியும் சேர்ந்த வேலை. அப்போது அவருக்கு வயது 32.

அவர் கைக்கு வந்த கட்டடம் எப்படி இருந்தது என்று முதலில் பாருங்கள். 1800-லிருந்து அமெரிக்க ஜனாதிபதிகள் குடியிருக்கும் மாளிகை அது. 1814-ல் ஆங்கிலேயப் படை தீ வைத்தது, திரும்பக் கட்டினார்கள். ஆனால் தீயைவிட அதிகம் கொண்டுபோனது ஏலம்தான். பழைய சாமான்களை விற்று, அந்தக் காசைப் புதுச் சாமானுக்குப் போடுவது அங்கே ரொம்ப நாள் வழக்கம். 1882-ல் ஜனாதிபதி செஸ்டர் ஆர்தர் ஒரே ஏலத்தில் 24 வண்டிச் சாமான்களை விற்றுத் தள்ளினார். 1948-ல் ஜனாதிபதி ட்ரூமன் மகளின் பியானோ கால் தரையை உடைத்துக்கொண்டு கீழே இறங்கியது. அப்போதுதான் கட்டடம் உளுத்துப்போனது எல்லோருக்கும் புரிந்தது. வெளிச்சுவரை மட்டும் நிறுத்திவைத்து, உள்ளே முழுக்க வழித்தெடுத்து, இரும்புச் சட்டம் போட்டுத் திரும்பக் கட்டினார்கள். 1952-ல் அது முடிந்தபோது கையில் பணமில்லை. நியூயார்க்கில் உள்ள ஒரு பெரிய கடையிலிருந்து சாமான் வாங்கி நிரப்பினார்கள். வெளியே 18-ம் நூற்றாண்டுக் கல், உள்ளே நல்ல ஓட்டல் அறை. அதுதான் நிலைமை.

ஜாக்குலின் 11 வயதில், 1941-ல், சுற்றுலாப் பயணியாக அங்கே போயிருக்கிறார். பார்த்ததை விளக்க ஒரு சின்னப் புத்தகம்கூட அங்கே கிடைக்கவில்லை என்பது அவருக்கு வெகுநாள் குறையாக இருந்தது. இரண்டாவது பிள்ளை பிறந்து, வயிற்றில் தையல் போட்டு இரண்டு வாரம் ஆன நிலையில், 1960 டிசம்பர் 9 அன்று, அடுத்துக் குடிவருகிறவராக அந்த மாளிகையை நடந்தே சுற்றிப் பார்த்தார்.

உங்கள் பக்க நியாயத்தையும் சொல்லிவிடுகிறேன். புதிதாக வருகிற குடும்பத்துக்கு அரசு கொடுத்த 50,000 டாலரை, குடும்பம் தங்கும் அறைகளுக்கே இரண்டு வாரத்தில் செலவழித்தார். அதை அலங்காரம் என்று சொன்னால் ஒப்புக்கொள்கிறேன். நான் எழுதியது அதற்குப் பிறகு நடந்ததைப் பற்றி.

1961 பிப்ரவரியில் ஒரு கலைக்குழு அமைத்தார். தலைவராக ஹென்றி டு பான்ட்டைப் போட்டார். பழைய அமெரிக்க மரச்சாமான்களில் அவரைவிட விஷயம் தெரிந்த ஆள் அன்றைக்குக் கிடையாது, கட்சியோ எதிர்க்கட்சி. அடுத்த மாதம் அந்த மாளிகைக்கு முதன்முதலாக ஒரு காப்பாட்சியர், அதாவது பழம்பொருள்களைப் பராமரித்துப் பதிவுசெய்யும் அதிகாரி, வந்தார். பெயர் லொரைன் பியர்ஸ், மரச்சாமான் வரலாற்றை முறையாகப் படித்த இளம்பெண். அப்புறம்தான் கிடங்கு கிடங்காகத் தேடல் தொடங்கியது.

ஒரு மேசை கதையைச் சொல்கிறேன். 1854-ல் வடதுருவப் பனியில் சிக்கி, ஆள் இல்லாமல் கைவிடப்பட்ட பிரிட்டிஷ் கப்பல் 'ரெசல்யூட்'. மறுவருஷம் ஓர் அமெரிக்கத் திமிங்கில வேட்டைக் கப்பல் அதைக் கண்டெடுத்தது. அமெரிக்க அரசு அதைப் பழுதுபார்த்து விக்டோரியா ராணிக்குத் திருப்பி அனுப்பியது. பிற்பாடு கப்பலை உடைத்தபோது, ராணி அதன் ஓக் மரத்தில் ஒரு மேசை செய்து 1880-ல் ஜனாதிபதி ஹேய்ஸுக்கு அனுப்பினார். எண்பது வருஷம் கழித்து ஜாக்குலின் தேடிப்போனபோது, கீழ்த்தளத்தில் ஒலிபரப்பு அறையில், பச்சைத் துணி போர்த்தி, மின்கருவிகளைத் தாங்கிக்கொண்டு கிடந்தது அந்த மேசை. துணியை எடுத்துப் பார்த்தால் கீழே கப்பல் மரத்துச் செதுக்கல். அதை ஜனாதிபதியின் அலுவல் அறைக்கு ஏற்றினார். இன்று உலகமே படத்தில் பார்க்கிற மேசை அதுதான்.

இன்னொன்று சுவர்த்தாள். மேரிலாந்தில் இடிபடப் போகிற ஒரு பழைய வீட்டின் சுவரில், 1834-ல் பிரான்சில் மரக்கட்டை அச்சால் ஒற்றிய தாள் ஒட்டியிருந்தது. நயாகரா அருவி, பாஸ்டன் துறைமுகம், வர்ஜீனியாவின் இயற்கைப் பாலம் என்று அமெரிக்கக் காட்சிகள். இடிப்பதற்குள் கத்தியை விட்டு நெம்பி நெம்பி உரித்தெடுத்தார்கள். அது 12,500 டாலருக்கு மாளிகைக்கு வந்து, வெளிநாட்டுத் தூதர்களை வரவேற்கும் நீள்வட்ட அறையில் ஒட்டப்பட்டது. "அதே அச்சில் புதுசே கிடைக்கிறதே, பழசுக்கு எதற்கு இவ்வளவு காசு?" என்று பத்திரிகைகள் கேட்டன. நியாயமான கேள்விதான். நூறு வருஷத்துக்கு மேல் ஒரு வீட்டில் வாழ்ந்த தாளுக்கும் நேற்று அச்சான தாளுக்கும் வித்தியாசம் உண்டா இல்லையா என்பதுதான் மீட்புப் பணியின் அடிப்படைக் கேள்வியே. உண்டு என்பவன் நான்.

சரி, இதெல்லாம் ரசனை என்றே வைத்துக்கொள்ளுங்கள். 1961 செப்டம்பர் 22-ல் வந்த சட்டத்தை எந்தக் கணக்கில் வைப்பீர்கள்? வெள்ளை மாளிகையின் வரலாற்றுப் பொருள்களை இனி எந்த ஜனாதிபதியும் விற்க முடியாது. வேண்டாம் என்றால் ஸ்மித்சோனியன் காட்சியகத்துக்குத்தான் போக வேண்டும். எண்பது வருஷத்துக்கு முன் 24 வண்டி போன வாசலை அந்தச் சட்டம் அடைத்தது. நவம்பரில் வெள்ளை மாளிகை வரலாற்றுச் சங்கம் உருவானது. 1962 ஜூலையில், அந்தப் பதினோரு வயதுப் பெண் தேடிய புத்தகம் ஒரு டாலர் விலையில் வெளியானது. அதை விற்ற காசில் மேலும் பொருள்களை வாங்கினார்கள். அதற்கு முன்பே பிப்ரவரி 14-ல் தொலைக்காட்சியில் அறை அறையாக அவரே அழைத்துப்போய்க் காட்டியதைக் கோடிக்கணக்கானோர் பார்த்தார்கள். இவ்வளவும் சம்பளம் இல்லாத பதவியில் இருந்துகொண்டு செய்தது.

அவர் முதல் ஆளும் கிடையாது. 1925-ல் அன்றைய ஜனாதிபதியின் மனைவி கிரேஸ் கூலிட்ஜ் முயற்சியில்தான் பழைய சாமான்களை நன்கொடையாக வாங்க நாடாளுமன்றம் அனுமதி தந்தது. அவருக்கு அடுத்து வந்த ஜனாதிபதி மனைவி லூ ஹூவர், மாளிகையில் எந்தப் பொருள் எங்கிருந்து வந்தது என்று தேடிப் பட்டியல் எடுக்க வைத்தார். பொறுமையாக உட்கார்ந்து செய்கிற வேலை. யார் கண்ணிலும் படாது. ஜாக்குலின் நின்றது அந்தத் தோள்களின் மேல்.

எல்லாம் சரியாகச் செய்தார் என்று நான் சொல்ல வரவில்லை. பாரிஸ் அலங்கார நிபுணர் ஸ்டெஃபான் பூதானின் பங்கை வெளியே அதிகம் சொல்லவில்லை. 'நீல அறை' என்ற வரவேற்பறையின் சுவரை வெள்ளையாக்கியதில் அமெரிக்க வரலாற்றைவிடப் பிரெஞ்சு ரசனைதான் அதிகம். டு பான்ட்டுக்கே அதில் உடன்பாடில்லை. ஆனால் மாளிகைக்கு எதிரே லஃபாயெட் சதுக்கத்தில், பழைய வீடுகளை இடித்து அரசு அலுவலகம் கட்ட எல்லாம் முடிவாகியிருந்த நேரத்தில், குறுக்கே நின்று அவற்றைக் காப்பாற்றியதும் அவர்தான். புது அலுவலகங்கள் வீடுகளுக்குப் பின்னால் எழும்பின. வீடுகள் இன்றும் நிற்கின்றன.

இப்போது நீங்கள் கேட்ட 'அதேதானே'. கிழக்குப் பகுதி 1902-ல் தொடங்கி 1942-ல் விரிவானது. 1977-ல் ரோசலின் கார்ட்டர் தன் அலுவலகத்தை அங்கே வைத்தார். பிறகு ஜனாதிபதி மனைவியரின் அலுவலகம் என்றால் அதுதான். 2025 அக்டோபரில், விருந்து மண்டபம் கட்டுவதற்காக, சில நாளில் தரைமட்டம். பக்கத்தில் ஜாக்குலின் பெயரில் இருந்த தோட்டமும் போனது. 1961-ம் வருஷத்துச் சட்டம் சாமான்களையும், தரைத்தளத் தாழ்வாரத்தையும், முதல் தளத்துப் பொது அறைகளையும்தான் காக்கிறது. 1966-ல் வந்த வரலாற்றுக் கட்டடப் பாதுகாப்புச் சட்டமோ வெள்ளை மாளிகைக்கு விலக்கு கொடுத்துவிட்டது. நாற்காலிக்குக் காவல் இருந்தது, இந்தச் சுவருக்கு இல்லை. ஒருவர் தேடிச் சேர்த்து, விற்க முடியாதபடி பூட்டினார், இன்னொருவர் இடித்தார். இரண்டையும் ஒரே தட்டில் வைக்கிறீர்களே, அதுதான் எனக்கு வருத்தம்.

நம் ஊரிலும் இதே கதைதான். டெல்லியில் குடியரசுத் தலைவர் மாளிகை, ஹைதராபாத் இல்லம் போன்றவற்றின் உட்புறங்களை 1980-களில் மீட்டெடுத்தவர் சுனிதா கோலி. 1992-ல் பத்மஸ்ரீ வாங்கினார். எத்தனை பேருக்குத் தெரியும் அந்தப் பெயர்?

நெல்லைப் பக்கம் ஒரு பழைய அரசு அலுவலகத்தில் நான் பார்த்ததையும் சொல்கிறேன். நூறு வருஷத்துச் சுண்ணாம்புக் காரைச் சுவர். தடவினால் சலவைக்கல் மாதிரி வழவழப்பு. அதைக் கொத்திவிட்டு சிமென்ட் பூசிக்கொண்டிருந்தார்கள். தேக்குக் கதவுக்குப் பச்சை எனாமல். கலவைச் சட்டியை இறக்கிவைத்த ஒரு சித்தாள் அம்மா என்னிடம் சொன்னார்: "சுண்ணாம்புச் சுவத்துக்கு சிமென்ட் ஆகாதுய்யா. உள்ள இருக்க ஈரம் எங்க போவும்?" அவருடைய அம்மா கடுக்காய்த் தண்ணி ஊற்றிச் சுண்ணாம்பு அரைத்தவராம். இரண்டு மழைக்காலம் கழித்துப் போனேன். சுவர் முழுக்க உப்புப் பூத்து, பூச்சு பலகை பலகையாகக் கழன்று நின்றது. அந்த அம்மாவிடம் யாரும் கேட்கவில்லை. அவர் வேலை சட்டி தூக்குவதுதான் என்று முன்கூட்டியே முடிவு செய்திருந்தார்கள்.

ஆகவே தலைப்பை மாற்ற மாட்டேன். ஆனால் போன இதழ்க் கட்டுரையைத் திரும்பப் படித்தபோது ஒரு பிழை கண்ணில் பட்டது. ஜாக்குலின் பெயர் பல இடங்களில் வருகிறது. அந்த ஒரு டாலர் புத்தகத்துக்கு எழுதிக் கொடுத்த லொரைன் பியர்ஸ் பெயர் ஓர் இடத்தில்கூட இல்லை. அது என் தவறு. அடுத்த இதழில் திருத்தம் வரும்.